உயிர் சுமக்கும் கலை

நாமக்கல்லுக்கு வடகிழக்கே, கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் சேந்தமங்கலம். ஊரில் நின்று கிழக்கே நிமிர்ந்து பார்த்தால் மலை கண்ணை நிறைக்கும். வல்வில் ஓரி ஆண்ட மலை என்று பள்ளியிலே நாம் படித்த அதே மலைதான் அது. இன்று அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நல்ல உடல்நிலையில் பேருந்தில் அமர்ந்து செல்பவருக்கே தலை சுற்றும் வழி அது. அவ்வழியே நோயாளி ஒருவரை, அல்லது எழுந்து நடக்க இயலாத ஒருவரைத் தீங்கின்றி இறக்கிக் கொணர்வது எப்படி? சாலையே அமையாத காலத்தில் எப்படி இறக்கினார்கள்? இவ்வினாக்களே இன்றைய உரைக்குத் தோற்றுவாய்.

சாலை ஏறாத மலையூர்களிலெல்லாம் இவ்வினாவுக்கு ஒரே விடைதான் இருந்தது. அது டோலி. ஒரு மூங்கில் கழி, அதன் இரு முனைகளிலும் முடிந்த ஒரு போர்வை, அதனுள்ளே நோயாளி, கழியின் கீழே உறவினர்களின் தோள்கள். கல்லும் முள்ளும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில், இருட்டானால் பந்த வெளிச்சத்தில், தோள் மாற்றித் தோள் மாற்றி இறக்குவார்கள். பிரசவ வேதனையில் துடித்த பெண்டிரும், மரத்திலிருந்து விழுந்த ஆடவரும், காய்ச்சலில் நினைவிழந்த சிறாரும் இவ்வாறே சமவெளியை அடைந்தனர். அத்தோள்களிலே அன்பு இருந்தது, வலிமையும் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று: சுமக்கும் முறையைக் கற்பித்தவர் எவரும் இலர். முதுகெலும்பு முறிந்தவனைப் போர்வைக்குள் வளைத்துக் கிடத்தினால் என்ன ஆகும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

மாணவ நண்பர்களே, மனிதன் மனிதனைச் சுமப்பது மிகப் பழைய செயல். ஆயினும் அது ஒரு கல்வி என்பதை உலகம் உணர்ந்தது மிக அண்மைக் காலத்தில்தான். அவ்வுணர்வு வளர்ந்த வரலாற்றில் நம் தமிழ் மக்களின் தோள்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகள் இந்நாட்டில் போரிட்ட காலத்தில், காயமுற்ற சிப்பாய்களைச் சுமக்கப் படையோடு டோலிக்காரர்கள் நடந்தனர். நால்வர் சுமக்க, இருவர் மாற்றாளாக உடன்வர, ஒரு டோலிக்கு அறுவர் என்பது வழக்கம். கையில் ஆயுதமின்றிக் குண்டுமழைக்குள் புகுந்து வெளிவந்தவர்கள் அவர்கள். இங்கிலாந்திலிருந்த பெருமக்களோ அவர்கள் யாரென்றே அறியார். டோலிகள் வந்து காயமுற்றோரைக் கொண்டுசென்றன என்று போர்க்களத்திலிருந்து வந்த செய்தியைப் படித்த ஆங்கிலேயர் ஒருவர், டோலி என்பது மலையிலிருந்து பாய்ந்துவந்த ஏதோ ஒரு கொடிய சாதி என்று எண்ணிச் சினந்து பேசினாராம். அக்கால ஆங்கிலேயரிடையே வேடிக்கையாக வழங்கிய கதை இது. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சுமந்தவனின் பெயரை மட்டுமன்று, அவன் செய்த தொழிலைக்கூட உலகம் அறியாதிருந்தது என்பதை இக்கதை காட்டிவிடுகின்றது.

இனி, கடல் கடந்து தென்னாப்பிரிக்காவுக்குச் செல்வோம். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரையில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் கரும்புத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் வேலை செய்ய ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தின் வழியாகச் சென்றவர்கள். தமிழரும் தெலுங்கருமே அவர்களில் மிகுதி.

1899ஆம் ஆண்டு அக்டோபரில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் போர் மூண்டது. அப்பொழுது நேட்டாலில் வழக்கறிஞராக இருந்த காந்தியடிகள், காயமுற்றோரைச் சுமக்க ஓர் இந்தியப் படையைத் திரட்டினார். அதில் சேர்ந்தவர்கள் சுமார் 1,100 பேர். அவர்களுள் 300 பேரளவில் சுதந்திர இந்தியர். எஞ்சியோர் அனைவரும் ஒப்பந்தக் கூலிகள். இங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தொண்டு செய்ய மனம் இருந்தால் மட்டும் போதாது என்பதைக் காந்தியடிகள் உணர்ந்திருந்தார். டர்பனில் மருத்துவப் பணி செய்துவந்த பாதிரியார் டாக்டர் பூத் என்பவரிடம் அவரும் தோழர்களும் முன்னதாகவே பயிற்சி பெற்றனர். காயத்தைக் கட்டுவதும், அடிபட்டவரைத் தூக்குவதும், ஸ்டிரெச்சரில் கிடத்துவதும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. உடற்தகுதிச் சான்றிதழும் பெற்றனர்.

1900ஆம் ஆண்டு ஜனவரியில் ஸ்பியான் கோப் என்னும் குன்றில் நடந்த போரில் ஆங்கிலப் படை பெரும் இழப்புக்கு உள்ளாயிற்று. அந்நாள்களில் இந்தியச் சுமைஞர்கள் காயமுற்றோரை ஸ்டிரெச்சரில் தாங்கி, நாளொன்றுக்கு 20 முதல் 25 மைல், அதாவது 32 முதல் 40 கிலோமீட்டர் வரை நடந்தனர். படுகாயமுற்ற தளபதி வுட்கேட்டும் அவர்களால் சுமக்கப்பட்டவரே. போர் முடிந்தபின் படைத்தலைவர் தம் அறிக்கையில் இப்பணியைப் பாராட்டினார். தலைவர்களாக இருந்தோருக்குப் பதக்கங்கள் அளிக்கப்பட்டன. தோள் கொடுத்த நூற்றுக்கணக்கான கூலித் தொழிலாளர்களின் பெயர்களோ பாடநூல்களில் இடம் பெறவில்லை. கரும்பு வெட்டிய கைகள், சில வாரப் பயிற்சிக்குப் பின், உயிர் காக்கும் கைகளாயின. ஏழ்மையோ எழுத்தறிவின்மையோ இக்கல்விக்குத் தடையன்று என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

சுமக்கும் முறை சரியாக இருந்தால் எவ்வளவு உயிர் மிஞ்சும் என்பதை முதல் உலகப்போர் கணக்கிட்டுக் காட்டியது. தொடை எலும்பு குண்டடியால் முறிந்த வீரர்களுள் போரின் தொடக்கத்தில் நூற்றுக்கு எண்பதின்மர் மாண்டதாகப் படைமருத்துவர்கள் குறித்துள்ளனர். முறிந்த எலும்பு அசைந்து அசைந்து சதையைக் கிழித்ததும், குருதி வடிந்ததுமே காரணம். தாமஸ் என்னும் மருத்துவர் முன்னரே வடித்திருந்த ஓர் எளிய இரும்புச் சட்டத்தில் காலை நீட்டிக் கட்டிய பிறகே ஆளைத் தூக்கவேண்டும் என்று ஸ்டிரெச்சர் ஏந்துவோர் அனைவருக்கும் கற்பித்தார்கள். 1917இல் இறப்பு நூற்றுக்கு 16 என்ற அளவுக்கு இறங்கியது. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. தூக்குவதற்கு முன் அசையாமல் கட்டு என்ற ஒரு பாடமே அத்தனை உயிர்களைக் காத்தது.

சுமந்து செல்வது ஒரு பாதி. வழியிலே மூச்சும் நாடியும் நின்றுவிட்டால் செய்ய வேண்டியது மறுபாதி. அதன் வரலாறு இன்னும் சுவையானது.

1740இல் பாரிஸ் அறிவியற் கழகம், நீரில் மூழ்கியவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதும் முறையைப் பரிந்துரைத்தது. 1767இல் ஆம்ஸ்டர்டாமிலும், 1774இல் லண்டனிலும் மூழ்கியோரை மீட்கும் சங்கங்கள் தோன்றின. பின்னர் அம்முறை கைவிடப்பட்டது. மூழ்கியவரைப் பீப்பாயின் மேல் உருட்டினர், துருத்தியால் காற்றடித்தனர். 1858இல் சில்வெஸ்டர் என்பார் கைகளைத் தூக்கி இறக்கும் முறையை வகுத்தார். 1903இல் ஷேஃபர் என்பார் குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தும் முறையை வகுத்தார். முதலுதவிப் புத்தகங்களில் அம்முறைகள் ஐம்பது ஆண்டுகள் கோலோச்சின. நல்ல எண்ணத்தோடு இலட்சக்கணக்கானோர் அவற்றைக் கற்றனர். ஆனால் அவை போதிய காற்றை நுரையீரலுக்குள் செலுத்தவே இல்லை!

இதனை ஐயமற நிறுவியவர்கள் அமெரிக்க மருத்துவர்களான ஜேம்ஸ் ஈலமும் பீட்டர் சாஃபரும் ஆவர். நாம் வெளிவிடும் மூச்சிலேயே பிறரை வாழவைக்கப் போதிய பிராணவாயு உண்டு என்று 1954இல் ஈலம் காட்டினார். அடுத்து சாஃபர் தாமாக முன்வந்த அன்பர்களுக்கு மருந்து கொடுத்து மூச்சை நிறுத்தி, பழைய முறைகளையும் வாயால் ஊதும் முறையையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். தலையைப் பின்னுக்குச் சாய்த்துத் தாடையை உயர்த்தினால் மூச்சுவழி திறக்கும் என்பதும், வாயால் ஊதுவதே சிறந்தது என்பதும் தெளிவாயின.

மற்றொரு புறம், பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கௌவென்ஹோவன் என்னும் மின்பொறியாளர் தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்னதிர்ச்சியால் சீராக்கும் கருவியை ஆராய்ந்துவந்தார். அவருடைய உதவியாளர் நிக்கர்பாக்கர் 1958இல் ஒன்றைக் கவனித்தார். மின்தகடுகளை நாயின் மார்பின்மேல் அழுத்தும்போதே, மின்சாரம் பாய்வதற்கு முன்னரே, நாடியில் ஒரு துடிப்பு எழுந்தது. அழுத்தமே குருதியை ஓட்டுகின்றது! அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூட் அவர்களோடு சேர்ந்தார். மார்பைத் திறவாமலே, வெறுங் கைகளால் அழுத்தி இதயத்தை மீட்கும் முறையை மூவரும் 1960ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிட்டனர். அவர்கள் குறிப்பிட்ட 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்தனர். அப்பொழுது கௌவென்ஹோவனுக்கு வயது 74. சாஃபரின் மூச்சூட்டும் முறையும், இவர்களின் மார்பழுத்தும் முறையும் ஒன்றிணைந்ததே இன்று சி.பி.ஆர். என்று நாம் சுருங்கச் சொல்லும் இதய நுரையீரல் மீட்பு முறை.

கண்டுபிடிப்பு பிறந்தது, அதைக் கற்பிப்பது எப்படி? உயிருள்ளவர் மார்பில் அழுத்திப் பழக முடியாதே! இச்சிக்கலைத் தீர்த்தவர் ஒரு பொம்மைத் தொழிலதிபர். நார்வே நாட்டு அஸ்முண்ட் லேர்டால் என்பவர், தம் இரண்டு வயது மகன் நீரில் மூழ்கி இறக்கும் தறுவாயில் மீண்டதைக் கண்டவர். அவர் 1960இல் ஆளுயரப் பயிற்சிப் பொம்மை ஒன்றைச் செய்தார். பாரிஸ் நகர ஆற்றிலிருந்து மீட்கப்பட்ட ஓர் அடையாளம் தெரியாத பெண்ணினுடையது என்று கருதப்பட்ட முகவார்ப்பு ஒன்றைக் கண்டு அதன் முகத்தை அமைத்தார். பெயரறியாத அம்முகத்தின்மேல் பழகிய கைகளால் உலகெங்கும் எத்தனையோ உயிர்கள் மீண்டன. 1966இல் அமெரிக்க அறிவியற் கழகம் கூட்டிய மாநாடு, மருத்துவத் தொழிலில் உள்ள அனைவருக்கும் இப்பயிற்சி அளிக்கப்பட வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

அதே 1966இல் சாஃபரின் வீட்டில் துயரம் நுழைந்தது. அவருடைய மகள் எலிசபெத், பதின்மூன்று வயதும் நிரம்பாத சிறுமி, ஆஸ்துமாவால் மூச்சடைத்து மாண்டாள். உலகுக்கு மூச்சூட்டும் முறையைக் கற்பித்தவர் தம் மகளைக் காக்க முடியவில்லை. மருத்துவமனையை அடையுமுன் வழியில் கிடைக்க வேண்டிய உதவி எவருக்கும் கிடைப்பதில்லை என்பதை அவர் ஆழ எண்ணினார். அக்காலத்தில் அமெரிக்க நகரங்களிலேயே நோயாளிகள் காவல்துறை வண்டியிலோ, பிணம் ஏற்றும் வண்டியிலோதான் மருத்துவமனைக்குச் சென்றனர் என்றால் நம்புவீர்களா?

பிட்ஸ்பர்க் நகரத்தில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் என்னும் ஏழைப் பகுதி உண்டு. 1967இல் அப்பகுதியின் வேலையற்ற இளைஞர்களைச் சேர்த்து, ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் என்னும் பணிக்குழு அமைந்தது. எதற்கும் பயன்படாதவர்கள் என்று பிறர் ஒதுக்கிய அவ்விளைஞர்களுக்குச் சாஃபர் ஏறத்தாழ 300 மணி நேரப் பயிற்சி அளித்தார். உடலமைப்பு, மூச்சுவழி காத்தல், மார்பழுத்தம், ஓடும் வண்டியில் நோயாளியைப் பேணுதல் அனைத்தையும் கற்றனர். அந்நாட்டிலேயே தேர்ந்த அவசர உதவியாளர்கள் எனப் பெயர் பெற்றனர். 1974இல் நான்சி கரோலைன் என்னும் இளம் மருத்துவர் அக்குழுவின் தலைமை ஏற்று, அவ்வனுபவத்தைப் பாடநூலாகவே வடித்தார். ஆனால் 1975இல் நகராட்சி தன் சொந்தப் பணியைத் தொடங்கி இக்குழுவைக் கலைத்தது. அதில் பழகிய பலர் மெல்ல மெல்ல ஒதுக்கப்பட்டனர். நேட்டாலில் கண்ட அதே காட்சி! தோள் கொடுத்தவர் மறைய, கலை மட்டும் நிலைத்தது.

இதுவரை திடீரென்று வீழ்ந்தவரைப் பற்றிப் பேசினோம். வாழ்நாள் முழுதும் பிறர் துணையோடு நகர வேண்டியவர்களும் இருக்கின்றனர். மாற்றுத்திறனாளிகள் என்று இன்று நாம் மதிப்போடு அழைப்பவர்கள் அவர்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் அவர்கள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். அவர்களைத் தூக்குவதும் நகர்த்துவதும் இரக்கத்தின் செயல் என்று மட்டுமே நெடுங்காலம் எண்ணினோம். அதுவும் ஒரு கல்வி என்று எண்ணவில்லை.

1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர் இவ்வெண்ணத்தை மாற்றினார். முதுகுத்தண்டு காயமுற்றோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீரக நோயாலும் ஓரிரு ஆண்டுகளில் மடிவதே அதுவரை வழக்கம். குட்மன் இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்குமாறு பணியாளர்களைப் பழக்கினார். முதுகு வளையாமல், தோல் உராயாமல் புரட்டும் அக்கலையே மருந்தாயிற்று. மடிவார் என்று கைவிடப்பட்டவர்கள் வாழ்ந்தனர். வில்லெடுத்து விளையாடவும் செய்தனர். 1948இல் அங்கே தொடங்கிய விளையாட்டே பின்னர் பாராலிம்பிக்காக வளர்ந்தது. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்காலில் ஊனமுற்றவர், 2016இல் ரியோ நகரில் உயரந் தாண்டுதலில் தங்கம் வென்றது அம்மேடையில்தான்.

நம் வேலூரிலும் ஒரு பெரும் வரலாறு உண்டு. கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954ஆம் ஆண்டு ஜனவரியில் கார் விபத்துக்குள்ளாகி இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அவர் சோர்ந்துவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியால் எழுந்தது. அவ்வாறே தென்காசியை அடுத்த ஆய்க்குடியில், 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். இவ்விருவரும் நமக்குக் கற்பிப்பது ஒன்று. தூக்கப்படுபவர் வெறும் சுமையல்லர். தம் உடலைப் பற்றி மற்றெவரையும்விட நன்கு அறிந்த ஆசிரியர்.

ஆதலின், இக்கலையின் முதற்பாடம் கேட்பது. எப்படித் தூக்கட்டும், எங்கே பிடித்தால் வலிக்கும் என்று அவரையே கேட்க வேண்டும். சக்கர நாற்காலியைப் படியில் ஏற்றும்போது கால்பலகையையோ கைப்பிடிச் சாய்வையோ பிடித்துத் தூக்கலாகாது. பல நாற்காலிகளில் அவை கழன்று வந்துவிடும். உறுதியான சட்டத்தையே பற்ற வேண்டும். சரிவில் இறக்கும்போது நாற்காலியைப் பின்புறமாக இறக்க வேண்டும். இல்லையேல் அமர்ந்திருப்பவர் முன்னே சரிவார். சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்க வேண்டும். கண்பார்வையற்றவரை முன்னே தள்ளக் கூடாது. நம் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளச் செய்ய வேண்டும். செவிகேளாதவரிடம் முகத்துக்கு நேரே நின்று பேச வேண்டும்.

வண்டியில் ஏற்றிய பிறகோ, நாமக்கல் மாவட்டத்தாருக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியது இராது. லாரி பாடி கட்டும் பட்டறைகளும், நாடெங்கும் ஓடும் சரக்கு லாரிகளும் நிறைந்த நிலம் இது. கயிறு தளர்ந்தால் வளைவில் பாரம் சரியும் என்பதை இங்குள்ள சிறுவரும் அறிவர். சக்கர நாற்காலிக்கும் அவ்விதியே. அதன் பிரேக்கைப் போட்டுவிட்டால் போதும் என்று எண்ணுதல் தவறு. நாற்காலி வண்டியின் முன்புறம் நோக்கியிருக்க, அதன் சட்டத்தை நான்கு மூலைகளிலும் பட்டைகளால் தரையோடு பிணைக்க வேண்டும். அமர்ந்திருப்பவருக்கு இடுப்பிலும் தோளிலும் தனியே வேறு பட்டை வேண்டும். மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் மோதல் நேர்ந்தால் பிணைப்பு தாங்குமா என்று உலகத் தர அமைப்புகள் சோதிக்கின்றன. அச்சோதனையில் உடலின் மேல் விழும் விசை எடையைப் போல் 20 மடங்கு. நாற்காலியும் ஆளும் சேர்ந்து 80 கிலோ என்றால், அது அக்கணத்தில் 1,600 கிலோ பாரம்போல் முன்னே பாயும். அதனை எந்தத் தோளும் தாங்காது. சரக்கைக் கட்டத் தெரிந்த கைகள் மனிதரைக் காக்கவும் கற்கலாம்; ஒரே வேறுபாடு, சரக்கு வலியென்று சொல்லாது, மனிதர் சொல்லுவார்.

அவ்வாறு செல்லும் வழியில் ஒருவருக்கு இதயம் நின்றால்? நாற்காலியில் அமர்ந்தபடியே மார்பை அழுத்துவதால் பயனில்லை. வண்டியை நிறுத்தி, பட்டைகளை விடுவித்து, தலையையும் கழுத்தையும் தாங்கிக் கெட்டியான தளத்தில் மல்லாக்கக் கிடத்த வேண்டும். மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்க்கு 5 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 6 சென்டிமீட்டருக்கு மிகாமலும் அழுத்த வேண்டும். பயிற்சி பெற்றவர் 30 அழுத்தங்களுக்கு இரண்டு மூச்சு ஊதுவர். கழுத்தில் துளையிட்டு அதன் வழியே மூச்சு விடுபவருக்கு வாயில் ஊதினால் காற்று நுரையீரலை அடையாது. அத்துளையிலேயே ஊத வேண்டும். இத்தகைய நுணுக்கங்களைப் பதற்றத்தில் எவரும் ஊகித்தறிய முடியாது. முன்னரே பழகியிருந்தால் மட்டுமே கை தானாக இயங்கும். காலம் குறுகியது. ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைகின்றது.

தமிழ்நாட்டில் இக்கல்வி வண்டியேறியது 2008ஆம் ஆண்டு செப்டம்பரில். 108 என்னும் எண்ணை அழைத்தால் கட்டணமின்றி வரும் ஆம்புலன்சில் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவரும், பழகிய ஓட்டுநர் ஒருவரும் வந்தனர். நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டி, நோயாளிக்குச் சிகிச்சையைக் கொண்டுவரும் வண்டியாயிற்று. 2016இல் உச்ச நீதிமன்றம், விபத்தில் சிக்கியவருக்கு உதவுவோரை விசாரணை என்ற பெயரில் துன்புறுத்தலாகாது என்னும் நெறிமுறைகளுக்குச் சட்ட வலு அளித்தது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு, விபத்துக்குள்ளானவர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேருந்தும் இரயிலும் அவர்கள் ஏறத்தக்கனவாய் அமைய வேண்டும் என்று கட்டளையிட்டது. 2024இல் சென்னை நகரில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. தளம் தாழ்ந்தது நன்று. அத்தளத்தில் சக்கர நாற்காலியை எப்படிப் பிணைப்பது என்பதை நடத்துநரும் ஓட்டுநரும் கற்றிருந்தால்தான் சட்டம் முழுமை பெறும்.

மீண்டும் சேந்தமங்கலத்துக்கு வருவோம். மலைமேல் சாலை உண்டு; அடிவாரத்தில் வண்டியும் உண்டு. ஆயினும் கொல்லிமலையின் 70 வளைவுகளைக் கடந்து வர நேரம் பிடிக்கத்தான் செய்யும். அவ்விடைவெளியில் நோயாளியின் அருகே இருக்கப்போகிறவர் யார்? பெரும்பாலும் அவருடைய அண்டை வீட்டாரே. பள்ளி மாணவரும் கல்லூரி மாணவரும் அவருள் இருப்பர். வண்டி வருமுன் கடக்கும் நிமிடங்கள் அவர்கள் கையில் இருக்கின்றன. நேட்டாலின் கரும்புத் தோட்டத் தமிழனும், பிட்ஸ்பர்க்கின் வேலையற்ற இளைஞனும் கற்றுக்கொண்டதை நம் பிள்ளைகள் கற்க இயலாதா? செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கமும் இப்பயிற்சியை நெடுங்காலமாக அளித்து வருகின்றன. ஒரு பொம்மையும், ஆசிரியர் ஒருவரும், ஒரு பிற்பகல் பொழுதும் இருந்தால் மார்பழுத்தம் பழகிவிடலாம். சக்கர நாற்காலியைப் பற்றி அறிய, அதில் அமர்ந்திருக்கும் உங்கள் வகுப்புத் தோழரையே கேட்டுக் கொள்ளலாம்.

டோலியைச் சுமந்த நம் முன்னோரின் தோள்களில் குறையேதும் இல்லை. அவர்கள் தம்மிடம் இருந்ததையெல்லாம் கொடுத்தனர். அவர்களுக்குக் கிடைக்காத கல்வி இன்று நமக்கு எளிதாகக் கிடைக்கின்றது. அதைப் பெற்றுக்கொள்வதே அத்தோள்களுக்கு நாம் செலுத்தும் கடன்.